துரை பங்களாவுக்கு மூன்று நட்சத்திரம், பொடக்காலிக்கு (கொல்லைப்புறத்துக்கு) ஐந்து

ரூம் சுத்தம். மெத்தை நன்றாக இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை வெந்நீர் தாராளமாக வந்தது. வேலை செய்கிறவர்கள் தங்கமான மனிதர்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு சொல்லிவிட்டு ஐந்துக்கு மூன்றுதான் கொடுக்கிறேன் என்றால் ஏன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். ரூம் போடலாமா வேண்டாமா என்று மட்டும் பார்க்க வந்தவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பங்களாவின் பேர் போடவில்லை. குறை எழுதினால் எங்கேயோ ஏசி ரூமில் இருக்கிறவர் ஒரு போன் போடுவார், அது இங்கே தட்டுக் கழுவுகிற பையன் தலையில் போய் விடியும். வால்பாறை மலையில் ஒரு டீ எஸ்டேட்டின் பழைய துரை பங்களா. கம்பெனியே ஆறு ரூமாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறது. ஒரு ராத்திரிக்கு இரண்டு பேருக்கு 8,500 ரூபாய், காலைப் பலகாரமும் ராத்திரிச் சாப்பாடும் சேர்த்து. இவ்வளவு போதும்.

நாங்கள் சும்மா ஊர் சுற்றப் போகவில்லை. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அந்த எஸ்டேட்டில் முப்பது வருடம் மர ஆசாரி. அம்மிச்சி, அம்மாவின் அம்மா, கொழுந்து பறித்தது. என் அம்மா பிறந்தது அங்கே தொழிலாளர்களின் லைன் வீட்டில். 1989இல் அப்புச்சி ரிட்டையர் ஆகி எல்லோரும் பொள்ளாச்சிக்கு இறங்கிவிட்டார்கள். அப்புச்சி போய்ச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. என் தம்பி போனில் இந்தப் பங்களாவின் விளம்பரத்தைக் காட்டியபோது அம்மிச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, "அத்தன வருசம் அந்த மலையில இருந்தனே, இந்தப் படியை ஒருக்காக்கூட மிதிச்சதில்ல கண்ணு. அவரு போவாரு, சன்னல் மாட்டறதுக்கு" என்றது. அவ்வளவுதான், அம்மா அன்றைக்கே இரண்டு ரூம் போடச் சொல்லிவிட்டார். ஆடி மாதம் வால்பாறைக்கு எவனாவது போவானா என்று யாரும் யோசிக்கவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் லோம்ஸ் வியூ, இந்த மலைத்தடம் போட்ட இன்ஜினியர் பேர் அதற்கு. எல்லா வண்டியும் அங்கே நின்று அணையைப் படம் எடுக்கிறது, நாங்களும் எடுத்தோம். வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு இருக்கிறது, அம்மிச்சிக்கு அந்த நம்பரெல்லாம் ஆகவில்லை. கல்யாணம் ஆன கையோடு 1958இல் லாரியில் ராகி மூட்டை மேல் உட்கார்ந்து ஏறி வந்தபோது எத்தனை முறை வாந்தி எடுத்தது, எந்தத் திருப்பத்தில் லாரி நின்று இஞ்சினுக்குத் தண்ணி ஊற்றினார்கள் என்பதுதான் அதன் கணக்கு. கவர்கல் பக்கம் எப்போதும் போலப் பனி, ஐந்தடிக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. அங்கேதான் கார்வர் மார்ஷ் சிலை. 1890களில் இந்த மலையில் காட்டை வெட்டித் தோட்டம் போட வந்த துரைகளில் முன்னோடி, ஆனைமலையின் தந்தை என்று சொல்வார்கள். தம்பி அதைச் சொன்னதும் அம்மிச்சி, "தந்தையா? அப்பத் தாயி யாரு?" என்று கேட்டது. வண்டிக்குள் எல்லோரும் சிரித்துவிட்டோம், ஆனால் அது சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

கேள்வி சரிதானே. துரை வருவதற்கு முன்னால் அந்தக் காட்டில் காடர் பழங்குடிகள் இருந்தார்கள். மரம் வெட்டினதும் குழி எடுத்ததும் கன்று நட்டதும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ஆட்களும், தெற்கத்திச் சீமையிலிருந்தும் பாலக்காட்டுப் பக்கமிருந்தும் கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தவர்களும். காய்ச்சலில் போனவர்கள் கணக்கில்லை. மலேரியாவுக்குக் கொய்னா மருந்து எடுக்கிற மரத்தை அரசாங்கமே இந்த மலையில் நட்டது, அந்த இடத்துக்கு இன்றைக்கும் சின்கோனா என்றுதான் பேர். வால்பாறை ஊர்ப் பெயர்களே ஒரு தனிக் கூத்து. ஒரு பக்கம் ஸ்டான்மோர், அதே பேரில் லண்டனை ஒட்டி ஓர் ஊர் உண்டு. இன்னொரு பக்கம் ரொட்டிக்கடை. துரை வைத்த பேர் எது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் வைத்த பேர் எது என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பங்களாவுக்கு வருவோம். வாசலில் இறங்கியதும் தலைப்பாகை கட்டிய ஒருவர் குடை பிடித்தார், ஈரத்துணி கொடுத்தார்கள், டீ வந்தது. என் முதல் குறை இந்த டீதான். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தேயிலைச் செடி, கூப்பிடு தூரத்தில் பேக்டரி, நாலு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து போட்டு ஒரு கிலோ தூள் எடுக்கிற இடம், காற்றிலேயே அந்த வாட்டின வாசம் வருகிறது, அங்கே உட்கார வைத்துச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற நூல் கட்டின டீ பையைச் சுடுதண்ணியில் முக்கிக் கொடுக்கிறார்கள். அம்மிச்சி அந்த நூலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, கெணத்துல உழுந்த வாளியாட்ட?" என்றது. மறுநாள் காலையில் கேட்டபோது பேக்டரித் தூளில் போட்ட டீ கிடைத்தது, கேட்டால்தான் கிடைக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பாரம்பரிய உரை என்று ஒன்று வைக்கிறார்கள். ஹாலில் கணப்படுப்பு, அதற்குள் நெருப்பு மாதிரி ஆடுகிற சிவப்பு லைட். மேனேஜர் சின்னப் பையன், நல்ல பேச்சு, முக்கால் மணி நேரம் பேசினார். எந்தத் துரை எந்த வருடம் வந்தார், எத்தனை காட்டெருமை சுட்டார், கிளப்பில் டென்னிஸ் எப்படி நடந்தது, துரைசாணி ரோஜாச் செடியைக் கப்பலில் எப்படி வரவழைத்தார். சுவரில் 23 படம், நான் எண்ணினேன். ஒன்றில் துரை, துரைசாணி, ஒரு நாய், பின்னால் கூடையோடு நாலு பெண்கள். கீழே அச்சடித்த குறிப்பில் துரை பேர் இருக்கிறது, நாய் பேர் இருக்கிறது. நாலு பெண்களும் 'தொழிலாளர்கள்'.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ப்ராஜெக்ட் வேலையாக இங்கிலாந்தில் ஸ்விண்டனில் பதினொரு மாதம் இருந்தேன். சனி ஞாயிறு வேறு வேலை இல்லாமல் சுற்றியதில் லேக்காக் என்று ஒரு கிராமம் போனேன், வில்ட்ஷயர் பக்கம். ஊரும் அதை ஒட்டிய மடமும் ஒரே குடும்பத்தின் சொத்தாக இருந்தது. 1232இல் கன்னிமாடமாகக் கட்டியது, எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது ஒரு பிரபு வாங்கி வீடாக்கிக்கொண்டார், கடைசியில் 1944இல் அந்தக் குடும்பத்து அம்மா ஒருவர் வீட்டையும் ஊரையும் சேர்த்து, பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அந்த வீடுகளில் ஆட்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள், வாசலில் ஜாம் பாட்டில் வைத்து விற்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு ஜன்னல் இருக்கிறது. 1835இல் ஃபாக்ஸ் டால்பட் என்ற வீட்டுக்காரர் அதைத்தான் படம் பிடித்தார், இன்றைக்கு இருக்கிற போட்டோ நெகட்டிவ்களிலேயே பழையது அதுதான், தபால் தலை அளவுதான் இருக்கும். படம் பிடித்த பெட்டி கைக்கடக்கமான மரப்பெட்டி, அவர் சம்சாரம் அதை எலிப்பொறி என்று கேலி செய்தாராம். அந்தப் பெட்டியை ஊர்த் தச்சர்தான் செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள். அங்கே நின்றபோது எனக்கு அப்புச்சி ஞாபகம் வந்தது.

அப்புறம் வேல்ஸ் போனபோது ரெக்ஸம் பக்கத்தில் எர்டிக் என்று ஒரு ஜமீன் மாளிகை. அங்கே நுழைவே பின்வாசல் வழியாகத்தான். மரம் அறுக்கிற குழி, தச்சுப் பட்டறை, லாயம், துணி வெளுக்கிற இடம், சமையல் கட்டு, அதெல்லாம் தாண்டித்தான் பட்டுத்திரை தொங்குகிற ஹாலுக்குப் போக முடியும். சமையல் கட்டுப் பக்கம் வேலைக்காரர்களின் படம், 1790களில் எஜமானே ஓவியரை வைத்து எழுதியது. அதில் எஸ்டேட் தச்சர் ஒருவர் இருக்கிறார், பேரோடு, அவரைப் பற்றி எஜமான் எழுதிய பாட்டோடு. அங்கே 1538இலிருந்து சர்ச்சுக்குச் சர்ச் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதி வைக்க உத்தரவு. 1841லிருந்து சென்சஸில் ஆள் பேரும் தொழிலும். அதனால் அந்த ஊர்த் தச்சனின் பேரன் நினைத்தால் தாத்தாவைத் தேடிப் பிடித்துவிடலாம். எங்கள் அப்புச்சிக்கு இருந்தது எஸ்டேட் செக்ரோல், வேலையாட்களின் பேர்ப் பதிவேடு. அதைப் பற்றி மேனேஜரிடம் கேட்டேன். பழைய ஆபீஸை இடித்தபோது லோடு ஏற்றிவிட்டார்களாம், கரையான் வேறு. அந்தக் காலத்து இங்கிலாந்து எஜமான்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, பாதிப் பேர் நம் பணத்தில்தான் அந்த மாளிகையைக் கட்டியிருப்பார்கள். ஆனால் இங்கே தங்கள் வேலைக்காரனின் பேரை எழுதாமல் விட்டவர்களின் ஊரிலேயே இன்றைக்குப் பட்டறையைத்தான் முதலில் காட்டுகிறார்கள்.

இனி ஜன்னல். முதல் ராத்திரி எங்கள் ரூமில் ஜன்னல் மூடவில்லை. முன்பக்க ரூம், 'துரை அறை' என்று போர்டு. இரண்டு விரல் இடைவெளி, சாரல் உள்ளே அடிக்கிறது, ஆடிக் காற்று வேறு ஊளையிடுகிறது. ரூம் பையன் வந்து தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தான், டவலைச் சுருட்டித் திணித்துவிட்டுப் போனான். இவ்வளவு ரூபாய் கொடுத்து டவல் திணித்த ஜன்னல். விடிந்ததும் அம்மிச்சி பக்கத்து ரூமிலிருந்து வந்து சட்டத்தை விரலால் தடவியது, விளிம்பில் நகத்தைக் கொடுத்துக் கீறியது. வெள்ளைப் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது, அதற்கடியில் பச்சை, அதற்கடியில் இன்னொரு வெள்ளை. "கண்டமேனிக்குப் பூசி வெச்சிருக்கறாங்க. எடமே உடாம" என்றது. எனக்கு விளங்கவில்லை.

விஷயம் இதுதான். மரம் மழைக்காலத்தில் ஊதும், நீளத்தில் அல்ல, அகலத்தில். வால்பாறை மழை சாதாரண மழையும் அல்ல, ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை சொட்டிக்கொண்டே இருக்கும். கோடையில் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி ஜன்னல் செய்தால் ஆடியில் மூடாது. அதனால் அப்புச்சி சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு நயா பைசா போய் வருகிற அளவு இடம் விட்டு இழைப்பாராம். மடியில் எப்போதும் ஒரு காசு இருக்கும், கடைக்குப் போக அல்ல, ஜன்னல் பார்க்க. நயா பைசா புழங்காமல் போனபிறகும் அந்தக் காசை விடவில்லை. இப்போது பெயின்ட் மேல் பெயின்ட் பூசி அந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். "அப்ப இது அப்புச்சி செஞ்சதா?" என்று கேட்டேன். அம்மிச்சிக்குத் தெரியவில்லை. கையெழுத்து, அடையாளம் ஏதாவது வைத்திருப்பாரா என்று தம்பி போன் லைட்டை அடித்துத் தேடினான். "மரத்துல பேரு எழுதற ஆளா அவரு? சம்பளப் புக்குலயே ரேகைதான்."

பின்பக்கம் சமையல் கட்டுக்குப் போகிற தாழ்வாரத்தில் மூன்று ஜன்னல், பெயின்ட் பார்க்காதது, வெறும் எண்ணெய் தேய்த்தது. விருந்தாளிகள் பார்க்கிற இடம் இல்லையே, அதனால் யாரும் அழகுபடுத்தவில்லை. ஒற்றை விரலால் தள்ளினேன், டக்கென்று மூடியது. கொட்டுகிற மழையில். என் பர்ஸில் இருந்த ஒரு ரூபாயை விட்டுப் பார்த்தேன், போகவில்லை, ஈரத்தில் ஊதியிருக்கிறது. கோடையில் வந்து பார்க்க வேண்டும்.

பொடக்காலிக்கு எங்களைக் கூட்டிப்போனது ராத்திரிக் காவல்காரர். அறுபதைத் தாண்டியவர், மூன்று தலைமுறையாக அதே எஸ்டேட். அம்மிச்சியைக் கண்டதும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆசாரி ஊட்டு அம்மாவுங்களா?" என்றார். சின்ன வயதில் பட்டறையில் விழுகிற மரச்சுருளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய் அடுப்பு மூட்டுவாராம், அப்புச்சி திட்டிக்கொண்டே இன்னும் நாலு இழைப்பு கூடுதலாக இழைத்துப் போடுவாராம். பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, உள்ளே கேஸ் சிலிண்டரும் உடைந்த பிளாஸ்டிக் சேரும். ஆனால் வேலைப் பலகை அப்படியே இருக்கிறது, ஆறடி நீளம், வாச்சி பட்ட வெட்டும் உளி பட்ட வெட்டுமாக, நடுவில் குழிந்துபோய். மூலையில் டீப் பெட்டிக்குப் போடுகிற தகர விளிம்பு ஒரு கட்டு, துருப்பிடித்து. முன்னெல்லாம் தூள் போனது ப்ளைவுட் பெட்டியில், உள்ளே ஈயக் காகிதம், விளிம்பில் தகரம் அடித்தது. கொழுந்து ஏகமாக வருகிற மாசத்தில் அப்புச்சி ஜன்னல் கதவை எல்லாம் போட்டுவிட்டு ராத்திரி பத்து மணி வரை பெட்டிக்கு ஆணி அடிப்பார். பேப்பர்ச் சாக்கு வந்தது, ஆசாரிக்கு வேலை குறைந்தது. அம்மிச்சி பலகையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, பலகை ஓரத்தில் ஒட்டியிருந்த எட்டுக்காலி வலையை முந்தானையால் துடைத்தது.

கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு சாமான் கொடுத்துவிட்டுப் போனார். அப்புச்சிக்கு ஒரு ரம்பம், ஷெஃபீல்ட் என்று முத்திரை குத்தியது. எங்கள் வீட்டு அட்டாலியில் இன்றைக்கும் இருக்கிறது, வருடம் ஒரு தடவை ஆயுத பூஜைக்கு இறங்கும். நல்ல துரையா என்று அம்மிச்சியிடம் கேட்டால், "ரம்பம் நல்ல ரம்பம்" என்பதோடு சரி.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். ராத்திரி மெனு 'காலனி காலத்து விருந்து'. கட்லெட் பரவாயில்லை, கேரமல் புட்டிங் நன்றாக இருந்தது. மல்லிகட்டானி சூப் என்று ஒன்று கொடுத்தார்கள். நம் மிளகுத்தண்ணி இங்கிலாந்து போய்ப் பேரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அம்மிச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, ரசத்துக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றது. இரண்டாம் நாள் மத்தியானம் காவல்காரர் சிபாரிசில் ஸ்டாஃப் சமையல் கட்டில் கொள்ளுப் பருப்பும் சோறும் கிடைத்தது, நல்லெண்ணெய் ஊற்றி. மூன்று நாளில் நான் சாப்பிட்டதில் அதுதான் சாப்பாடு. அதற்குப் பில் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அதை மெனுவில் போட்டு வாங்க வேண்டிய காசை வாங்குங்கள் என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் ராத்திரி எதிர்ச் சரிவில் சிவப்பு விளக்கு மினுக்கியது. யானை பக்கத்தில் இருந்தால் எரிகிற விளக்கு, போனிலிருந்தே போட முடியும், ஊர்க்காரர்களுக்கு மெசேஜும் வரும். வால்பாறையில் இது வந்தபிறகு இருட்டில் தெரியாமல் போய் யானையிடம் மாட்டுவது குறைந்திருக்கிறது. மேனேஜர் உரையில் துரை சுட்ட காட்டெருமைக்குப் பத்து நிமிடம் கொடுத்தவர் இதற்கு ஒரு நிமிடமாவது கொடுத்திருக்கலாம்.

மேனேஜரைக் குறை சொல்லியே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கிளம்புகிற அன்று காலையில் அம்மிச்சி அந்த 23 படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தது. கூடை வைத்த நாலு பெண்கள் படத்தில் நின்று இடதுபக்கம் இரண்டாவதைக் காட்டி, பேரைச் சொல்லி, ரெண்டாம் நம்பர் லைன், கடைசி வீடு, எங்கள் அம்மாவுக்கு மருத்துவம் பார்த்தவள் என்றது. மற்ற மூன்று பேரைத் தெரியவில்லை. மேனேஜர் ஓடிப்போய் மஞ்சள் நிறத்தில் ஒட்டுகிற சின்னக் காகிதம் எடுத்து வந்து, எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதி, கண்ணாடி மேல் ஒட்டினார். நீங்கள் போகும்போது அது இருக்கிறதா, துடைக்கிறவர்கள் கிழித்துவிட்டார்களா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டை கடிக்கும், ஒரு பொட்டலம் உப்பும் முழங்கால் வரைக்குமான சாக்ஸும் வேண்டும். பொள்ளாச்சியில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், சாயங்காலத்துக்குள் மலை ஏறிவிடுங்கள். வயதானவர்கள் இருந்தால் வாசலில் பதினொரு படி, கைப்பிடி கிடையாது, சமையல் கட்டுப் பக்கம் படி இல்லாத தடம் இருக்கிறது, கேட்டால் திறந்துவிடுவார்கள். பேக்டரித் தூள் டீ என்று கேட்டு வாங்குங்கள். 'துரை அறை' வேண்டாம், அதற்கு 1,000 ரூபாய் அதிகம் வேறு. பின்பக்கம் தாழ்வாரத்தை ஒட்டி ஒரு சின்ன ரூம் இருக்கிறது, காட்சி ஒன்றும் தெரியாது, தகரக் கூரைப் பட்டறைதான் தெரியும். அதைக் கேளுங்கள், ஜன்னல் மூடும்.